ஏழு ஏரிகளும் ஒரு விரதமும்

எங்கள் குடும்பத்தில் இந்தியாவுக்குப் போக மூன்று காரணங்கள்தான் உண்டு. கோவில், கல்யாணச் சேலை, இல்லாவிட்டால் சாவு. நான் காஷ்மீருக்குப் போகிறேன், ஒரு வாரம் மலைமேல் நடந்து ஏழு ஏரிகளைப் பார்க்கப்போகிறேன் என்று சொன்னதும், மலேசியாவில், பண்டமாரானில் எங்கள் அடுக்குமாடியில் இருந்தவர்கள் ஒருவர் விடாமல் கேட்ட கேள்வி, "அங்க என்ன கோயில் இருக்கு?" என்பதுதான். கோவில் எதுவும் இல்லை, தண்ணீரைப் பார்க்கத்தான் போகிறேன் என்றால் நம்பவில்லை. கீழ்வீட்டு ஆன்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தண்ணி பாக்கணும்னா போர்ட்டுக்குப் போ லா" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் டாக்குமெண்ட் பார்க்கிறவள் நான். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, கண்டெய்னர்தான் தெரியும். அந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்ததில் எல்லாவற்றையும் எடையாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் இது எவ்வளவு இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். இந்தப் பழக்கம் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. மலையேறத் திட்டம் போட்டபோதுதான் அது ஒரு உபயோகத்துக்கு வந்தது.

திட்டம் என்னுடையது மட்டுமல்ல. முன்பு என்னோடு ஒரே ஆபீஸில் இருந்து, பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காளர் ஆபீஸுக்குப் போய்விட்ட தோழியும் நானும் சேர்ந்து போட்டது. அவள்தான் அந்த ஏரிகளின் வீடியோவை எனக்கு முதலில் அனுப்பினாள். பச்சையும் நீலமும் அல்லாத ஒரு நிறம், சுற்றிலும் புல், ஒரு கட்டடம்கூட இல்லை. அதைப் பார்த்த அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஐம்பத்துநான்கு வயது. அதுவரை நான் எடுத்த லீவெல்லாம் யாருடைய கல்யாணத்துக்கோ, பிரசவத்துக்கோ, இழவுக்கோ, திருவிழாவுக்கோ போனது. எனக்கென்று ஒரு வாரம் எடுத்ததே இல்லை. இதை யாரிடமும் புலம்பவில்லை. ஆனால் இந்த ஒரு வாரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சனிக்கிழமைகளில் கொம்யூட்டர் ரயில் பிடித்து கே.எல். சென்ட்ரலில் இறங்கி அவளைப் பார்க்கப் போவேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, அடுத்து உட்கார ஆட்கள் நின்று முறைத்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் ஃபோனை எடுத்து வைத்துப் பேசுவோம். ஸ்ரீநகரில் ஒரு மலையேற்றக் குழு. கூடாரமும் சமையல் சாமானும் குதிரைமேல் வரும். நம் துணி, மழைச்சட்டை, தூங்கும் பை, தண்ணீர் எல்லாம் நம் முதுகில். பதின்மூவாயிரம் அடிக்கு மேலே ஒரு கணவாய். தனியாக வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் உடம்பு சரியாக இருக்க வேண்டும்.

"ஒம்போது கிலோவுக்கு மேல நான் தூக்க மாட்டேன்" என்றாள் அவள்.

"உன் மேக்கப் பையே மூணு கிலோ வரும்" என்றேன்.

குளிர்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. வெயில், மழை, புழுக்கம், புகைமூட்டம் எல்லாம் தெரியும். குளிர் என்றால் எங்களுக்கு ஆபீஸ் ஏர்கான்தான், மிஞ்சிப் போனால் கேமரன் மலை. வாங்கிய ஜாக்கெட்டும் தூங்கும் பையும் தாங்குமா தாங்காதா என்று இந்த ஊரில் எப்படிப் பார்ப்பது? என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். போர்ட்டில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பண்டமாரானில் மீன், இறால் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் அவருடைய பழைய கூட்டாளி சூப்பர்வைசர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் ஜாக்கெட் போட்டு, குல்லா போட்டு, தூங்கும் பைக்குள் இறங்கி, இறால் பெட்டிகளுக்கு நடுவில் படுத்தோம். பெர்மிட்டில் வந்து வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பையன்கள் பெட்டி தூக்குவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஒருவன் தாங்க முடியாமல் கேட்டே விட்டான்.

"அக்கா, இது ஏதும் வேண்டுதலா?"

தோழி பைக்குள்ளேயே சிரித்துச் சிரித்து வெளியே வர ஜிப் கிடைக்காமல் தவித்தாள். ஜாக்கெட் தாங்கியது. ஒரு வாரத்துக்கு என்மேல் இறால் வாடை போகவில்லை.

அப்படிப்பட்டவள்தான் கடைசியில் வரமுடியாமல் போனாள். அவள் மகளுக்குப் பிரசவத் தேதி சரியாக நாங்கள் மலையில் இருக்கும் வாரத்தில் வந்து விழுந்தது. முதல் பிள்ளை. தாய் பக்கத்தில் இருக்க வேண்டும், பிறகு பத்தியம் பார்க்க வேண்டும். அவள் அழுதுகொண்டே சொன்னாள். நான் கோபப்படவில்லை, அதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனால் ஃபோனை வைத்த பிறகு அடுப்படியில் நின்று நானும் கொஞ்சம் அழுதேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று. குழுவில் இடம் உறுதியாயிற்று. தனியாகப் போவதென்று தீர்மானித்தேன். ஷா ஆலாமில் இருக்கும் என் மகனிடம் அதைச் சொன்னேன். அன்று மாலையே காடியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"மா, தனியாலாம் வேணாம் மா. ஃபோன் லைன் கிடைக்காத எடம். ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க எங்க வந்து தேடுறது?"

"குழுவோடதான்டா போறேன்."

"தெரியாத ஆளுங்க மா. இந்த வயசுல இது தேவையா? அடுத்த வருஷம் எல்லாரும் சேர்ந்து ஊட்டி போவோம்."

ஊட்டி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் நல்ல பிள்ளைதான், பயத்தில்தான் பேசினான். ஆனால் என் வயதை எனக்கே சொல்லிக்காட்டினால் நான் கேட்டுக்கொண்டு இருப்பேனா? நான் ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொல்ல, சத்தம் கீழ்வீடுவரை கேட்டிருக்கும். அப்போது அதுவரை செய்தித்தாளில் தலையை நுழைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

"நான் கூடப் போறேன் லா" என்றார்.

மகன் அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு, "அப்பா கூடப் போனா சரி" என்று அடங்கிவிட்டான். பிரச்சினை தீர்ந்தது. அவனுக்குத் தீர்ந்தது, எனக்குத் தீரவில்லை.

அவர் நல்ல மனிதர். கூட வாழ்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஏரிக்கரையில் அவரோடு நிற்பதாக நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவரோடு போனால் அங்கேயும் மாத்திரை போட்டீர்களா, வேட்டி காய்ந்ததா என்றுதான் என் பொழுது போகும். என் வாரத்தின் தலையில் அவரைக் கொண்டுவந்து கட்டிவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். வெளியே சொன்னால் எப்படி இருக்கும்? சொல்லவில்லை.

அவர் அறிவித்த மறுவாரமே விரதத்தை ஆரம்பித்தார்.

இதைப் புரிய வைக்க அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பத்துமலைக்குப் பல வருஷம் காவடி எடுத்தவர். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்று, மகனுக்கு வேலை கிடைத்ததற்கு ஒன்று, எனக்குக் கருப்பையை எடுத்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு மூன்று வருஷம் தொடர்ந்து. சர்க்கரை வந்த பிறகு டாக்டர் சொல்லி நிறுத்தினார். காவடி எடுக்கிற வருஷங்களில் ஒரு மண்டலம் பாயில் படுப்பார், ஒரு வேளைதான் சாப்பிடுவார், அதுவும் மரக்கறி. பாரம் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும் என்றால் உடம்பைத் தயார் செய்ய அவருக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். ஆகவே அவர் பாயைத் தட்டிப் போட்டபோது நான் நினைத்தது, இவர் முதுகுப்பையையும் காவடி என்று எண்ணிவிட்டார் என்றுதான்.

"இது காவடி இல்லங்க. இதுக்கு நல்லா சாப்பிடணும். முட்டை, கோழி சாப்பிட்டு காலுக்குப் பலம் ஏத்தணும்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும், விடு" என்பார்.

அடுக்குமாடியில் செய்தி பரவியது. அவர் விரதம் இருக்கிறார் என்றதும், பார்த்தாயா, கோவில்தான் என்று எல்லாருக்கும் நிம்மதி. ஆன்டி மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் மாடி அக்கா மூடி போட்ட போத்தல் ஒன்று கொடுத்து, தீர்த்தம் பிடித்து வரச் சொன்னார். பிறகு இன்னொரு போத்தல், இன்னொரு முடிச்சு. என் பல்துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியாக வெட்டி எடை குறைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் போத்தல்களை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுக்க வாய் வரவில்லை.

நான் தினமும் வேலை முடிந்து வந்து, பைக்குள் அரிசிப் பொட்டலங்களை அடுக்கி முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் பிளாக்கின் படிகளில் ஏறி இறங்கினேன். லிப்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் என்னைப் பார்த்துப் பாவம் என்பதுபோல் நகர்ந்து வழிவிடுவார்கள். அவர் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், நான் கத்துவதால், ஒரு பையை மாட்டிக்கொண்டு வருவார். நாலு மாடி ஏறுவார், நின்று யாரிடமாவது பேசுவார். காலணி வாங்கப் போகலாம் என்றால், "அப்புறம் பாப்போம்" என்பார். டிக்கெட் எடுத்தீர்களா என்றால், தெரிந்த ஏஜெண்டிடம் சொல்லியிருக்கிறேன், விலை இறங்கட்டும் என்பார். நாள் நெருங்க நெருங்க, இந்த மனிதர் என் பயணத்தைக் கெடுத்தே தீருவார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நடந்து பழகாமல் வந்து மலையில் மூச்சு முட்டி உட்கார்ந்தால், அவரோடு நானும் இறங்க வேண்டியதுதான். முதல் ஏரியோடு திரும்ப வேண்டியதுதான்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அன்று கண்டிப்பாக உச்சி மாடிவரை மூன்று தடவை ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு பையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். முதல் தடவை ஏறும்போதே எட்டாம் மாடித் திருப்பத்தில் அவர் காலடிச் சத்தம் நின்றுபோனது. மறுபடியும் யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார் என்று எரிச்சலோடு திரும்பினேன். அவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து படியில் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் நான் யாரென்று தெரிந்த மாதிரி இல்லை.

நான் கத்திய கத்தில் மூன்று வீட்டுக் கதவு திறந்தது. நெஞ்சுதான், போய்விட்டார் என்றே நினைத்தேன். யாரோ நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள், யாரோ காடி எடுத்தார்கள். கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்த டாக்டர், மகள் வயதுப் பெண், நம்பரைப் பார்த்துவிட்டு உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னாள்.

"நெஞ்சு இல்ல ஆன்டி. சுகர் ரொம்ப இறங்கிருச்சு. அங்கிள் காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. மலை ஏறப் போறார், விரதம். ஒரு வேளைதான்."

"மாத்திரை?"

"அது போட்டார்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தெளிவு வந்ததும், நேராக அவரிடமே போனாள்.

"அங்கிள், சாப்பிடாம இந்த மாத்திரை போட்டா உயிரே போயிரும். தூக்கத்துல இறங்கியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்கு இந்த விரதம்? மலை ஏறவா? உங்கள நான் மலைக்கு விடவே மாட்டேன்."

"நான் போகல டாக்டர்" என்றார் அவர்.

நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தே சொன்னார்.

"நான் போறதா சொன்னது பையன் வாய அடைக்க. டிக்கெட்டே எடுக்கல. இல்லேன்னா இவளப் போக விட்டிருக்க மாட்டான். கடைசி நாள்ல முடியலன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். விரதம் எனக்கு இல்ல. இவ நல்லபடியா இறங்கி வரணும்னு."

டாக்டர் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்கு வந்தது அன்பா கோபமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். சாதம் வடித்து, பருப்பு வைத்து, இருந்த கத்தரிக்காயை வதக்கி, தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ராத்திரிதான். வேண்டிக்கிட்டது அப்படி. நீ திரும்பி வர்ற வரைக்கும்."

"டாக்டர் என்ன சொன்னாங்க, காதுல விழலயா?"

"மாத்திரைய நிறுத்திக்கிறேன்."

"நிறுத்தினா சுகர் ஏறும். இறங்கினா ஒரு சாவு, ஏறினா இன்னொரு சாவு. நீங்க சாப்பிடலன்னா நான் போகல. இப்பவே அந்தக் குழுவுக்கு மெசேஜ் போடுறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. நான் சும்மா மிரட்டவில்லை, நிஜமாகவே சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். இந்த வாரத்துக்காக நான் எவ்வளவு நாள் அரிசி மூட்டையோடு படியேறினேன் என்று அவர் பார்த்திருக்கிறார்.

"போகாம இருக்காத" என்றார். "போ. ஆனா பாதியில விட்டா உனக்குத்தான் ஏதாச்சும் ஆகும். நான் எப்பவும் பாதியில விட்டதில்ல. ஆபரேஷனுக்கு நீ உள்ள போனப்பகூட..."

எனக்கு வேண்டுதலில் நம்பிக்கை உண்டா? கிண்டல் செய்வேன், ஆனால் அவர் காவடியோடு இறங்கி வரும்போது காலில் தண்ணீர் ஊற்றியது நான்தான். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கண் விழித்தபோது அவர் தாடியோடு நின்றதைப் பார்த்து, பிழைத்துவிட்டேன் என்று நினைத்ததும் நான்தான். இப்போது அதே மனிதரிடம், எனக்காகப் போட்ட முடிச்சை நீங்களே அவிழுங்கள் என்று கேட்கிறேன். கேட்கும்போது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பதின்மூவாயிரம் அடி அதுவரை எனக்கு வெறும் நம்பராக இருந்தது. அந்த நிமிஷம்தான் அதன் உயரம் தெரிந்தது.

"எனக்காகத்தானே வேண்டிக்கிட்டீங்க? நானே சொல்றேன், சாப்பிடுங்க" என்றேன்.

அவர் தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தார். சோற்றைப் பிசைந்தார். முதல் வாயை எடுத்தவர் மறுபடி தட்டிலேயே வைத்தார். முதுகில் அலகு குத்தும்போதுகூடப் பின்வாங்காதவர் அவர். ஒரு வாய் பருப்புச் சோற்றைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார், எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்க்கிறமாதிரி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர் நிறுத்திவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி சாதம் போட்டேன். அதையும் சாப்பிட்டார். தட்டு காலியானது.

கை கழுவிவிட்டு வந்து அவரே மகனுக்கு ஃபோன் போட்டார்.

"அம்மா சனிக்கிழமை போறாங்க. தனியாத்தான். நான் போகல, எனக்கு ஒடம்பு முடியல."

அந்தப் பக்கம் அவன் சத்தம் போடுவது எனக்கே கேட்டது. அவன் முடிக்கும்வரை அவர் கேட்டார்.

"இல்லடா, யாரும் தடுக்க வேணாம். விரதத்த விட்டுட்டேன். நான் சாப்டுட்டேன். இனிமே அவ கால்தான் அவளக் கொண்டுவந்து சேக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் பை வாசலிலேயே கிடந்தது. காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது யாரோ எடுத்து வந்து போட்டிருக்கிறார்கள். நான் காலணியை மாட்டி, பையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, மீதி இருந்த மாடிகளை ஏறப் போனேன்.